நேற்றைய தேதி

பதிப்பகத்தில் அவளைக் கழுகம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவள். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தாலும் பென்சில் அங்கே போய் நின்றுவிடும்.

முழங்கால் தேய்ந்த பிறகு, மாலையில் வீட்டிலிருந்தே மீதியைப் பார்க்கட்டும் என்று மகன் அலுவலகக் கணினியையும் வீட்டு மடிக்கணினியையும் இணைத்துக் கொடுத்தான். கணினிதான் அவன் பிழைப்பு. அங்கே திருத்தினால் இங்கே மாறும். இரண்டும் வேறுபட்டால், பிந்திய நேரம் பதிந்த பிரதி நிற்கும், மற்றது விலகும். பத்து நிமிட வேலை.

மறு வாரமே அவள் சொன்னாள். "ஆபீஸ் கம்ப்யூட்டர் நேத்து தேதியைக் காட்டுதுடா."

"காட்டினா காட்டிட்டுப் போகுது. உன் வேலையைப் பாரும்மா."

அவள் வாழ்நாளில் கண்டுபிடித்த பிழைகளிலேயே பெரியது அதுதான். பகலெல்லாம் அலுவலகத்தில் திருத்தியது நேற்றைய தேதியில் பதிந்தது. முந்தின நாள் மாலை வீட்டில் சேமித்த பிரதி அதைவிடப் புதியதாகி, பகல் உழைப்பைத் தினமும் தள்ளிவிட்டது.

"திருத்தின ஞாபகம் இருக்குடா. திருத்தம்தான் இல்ல."

"வயசாகுதில்ல," என்றான் மகன்.

புத்தகம் பிழையோடு அச்சாகி வந்தது. முதலாளி அதை எல்லார் முன்னாலும் அவள் மேசையில் போட்டார். "கழுகுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. வீட்டுல உக்காந்து பேரப்புள்ளைக்கு அ, ஆ சொல்லிக் குடுங்கம்மா." யாரோ சிரித்தார்கள்.

டாக்டரிடம் மகனே கூட்டிப்போனான். அறிகுறிகளையும் அவனே சொன்னான். மறதிக்கு மாத்திரை எழுதப்பட்டது.

அதன்பின் அவள் தன்னையே நம்பவில்லை. அணைத்த அடுப்பை நாலு தரம் போய்ப் பார்த்தாள். செய்தித்தாளை அவனிடம் நீட்டுவாள். "இது பிழையா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"பேசாம படும்மா," என்பான், பார்க்காமலே.

பதினான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் நின்றதிலிருந்து சும்மா கிடந்த கணினியை வேறொருவருக்குத் தர, இணைப்பைக் கழற்றச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனான். தள்ளப்பட்ட பிரதிகளையெல்லாம் மென்பொருள் ஒரு மூலையில் சேர்த்து வைத்திருந்தது. நாற்பத்தாறு நாள் வேலை. உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். ஒரு பிழைகூட அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார்.

"அட, சரியாத்தான் பாத்திருக்காங்க," என்றார். "அந்தப் புத்தகம் மூணு பதிப்பு போயிடுச்சு தம்பி. பிழைன்னு ஒரு ஆளு கூட எழுதிப் போடல."