சாப்பாட்டு டப்பாவுக்காக ஒரு பிரதிநிதி

மூன்று வருடங்களுக்கு முன், செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் ஹோ சி மின் நகரம். இங்கே இருக்கிறவர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். என் மகளின் ஒன்றாம் வகுப்பு அறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்கப் பெற்றோர்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பள்ளி முழுவதற்குமான பெற்றோர் மாநாடு அடுத்த வாரம். அதற்கு எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

இதில் மறக்க முடியாததற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு அன்று வேறு ஒரு கவலை இருந்தது. அதற்குக் காரணம் என் மகளின் சாப்பாட்டு டப்பா.

என் கணவருக்கு, பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில், ஒரு தொழிற்சாலையில் வேலை. திருச்சியிலிருந்து கைக்குழந்தையோடு இங்கே வந்தோம். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று இருக்கும் பெரிய பள்ளிகள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே, வியட்நாமியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய தனியார் பள்ளியில் மழலையர் வகுப்பிலேயே மகளைச் சேர்த்தோம். அவள் ஒரே வருடத்தில் அந்த மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நான் சந்தையிலும் மாலை வகுப்பிலுமாக மெல்ல மெல்லக் கற்றேன்.

மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அது எங்களுக்குத் தெரிய வந்ததே ஒரு பிறந்தநாள் விருந்தில்தான். பூசணிக்காய் சூப் இரண்டு வாய் குடித்தாள். அதில் காய்ந்த இறாலைப் பொடித்துப் போட்டிருக்கிறார்கள். உதடு வீங்கியது, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. டாக்ஸியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் வெகு நாள் யாருக்கும் விவரித்ததில்லை. ஊசி போட்டுச் சரியானது. அடுத்த முறை இதைவிட வேகமாக வரலாம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு என் கையால்தான். பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிட்டு, அங்கேயே பாய் விரித்துத் தூங்கி எழுவது இந்த ஊர் வழக்கம். எல்லோரும் பள்ளிச் சமையலைச் சாப்பிட, என் மகள் மட்டும் டப்பாவைத் திறப்பாள். மழலையர் வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றாம் வகுப்புக்கு வந்த முதல் வாரமே வகுப்பாசிரியை என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். ஏதோ ஒரு வகுப்பில் வீட்டுச் சாப்பாடு கெட்டுப்போய், அதைப் பகிர்ந்து தின்ற பிள்ளைகளுக்கெல்லாம் வாந்தியாம். அதனால் வெளிச் சாப்பாட்டையே நிறுத்திவிட வேண்டும் என்று மாநாட்டில் தீர்மானம் வரப்போகிறதாம்.

"என் கையில ஒண்ணுமில்லம்மா. மாநாட்டுல பிரதிநிதிங்க மட்டும்தான் உட்காரலாம், பேசலாம். நம்ம வகுப்புக்கு யார் போறாங்களோ அவங்ககிட்ட சொல்லி வைங்க," என்றார். (எல்லோரும் பேசியது வியட்நாமிய மொழியில்தான். ஆனால் என் நினைவில் நம் பேச்சாகவே பதிந்திருக்கிறது.)

யார் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மழலையர் வகுப்பிலிருந்தே எங்கள் பிள்ளைகளின் பிரதிநிதி ஒரு கட்டடக் கான்ட்ராக்டர்தான். கெட்ட மனிதர் இல்லை. வகுப்புக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர். ஆனால் முந்தின வருடம் ஜன்னல் கொக்கி ஒன்று பிள்ளைகள் தலையில் இடிக்கிறது என்று அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்த முகத்தோடு "சரி, சரி" என்றார். மாநாடு முடிந்து வந்தவரைக் கேட்டபோது, "எந்தக் கொக்கி?" என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் பள்ளி வாசலில், ஐஸ் காப்பி டம்ளரும் கையுமாக அம்மாக்கள் பொருமிக்கொண்டிருந்தார்கள்.

"வருஷா வருஷம் அதே மூணு பேரு. எங்க உக்காந்து முடிவு பண்றாங்கன்னே தெரியல."

"ஏதாவது ஹோட்டல்லதான். நம்ம வாய் அவங்களுக்கு வேணாம், கை மட்டும் போதும்," என்று ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சோலோன் வியாபாரப் பகுதியில் துணிக்கடை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வண்டியில் வரும்போது வெயிலுக்குப் போட்ட மேல்கோட்டை எந்த இடத்திலும் கழற்ற மாட்டார். மெதுவாகப் பேசத் தெரியாது. அதுவரை அவரோடு நான் அதிகம் பேசியதில்லை.

அவர்கள் பொருமியது எனக்குப் புதிதாக இல்லை. என் அப்பா ஊரில் ஒரு கட்சியின் கிளையில் இருந்தவர். சுவரெழுத்து, கொடிக்கம்பம் எல்லாம் அவர் வேலை. மாவட்ட மாநாடு என்றால் மட்டும் பிரதிநிதிகளின் பெயர் மேலேயிருந்து வந்துவிடும். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கொதிப்பார். "அங்க கேக்க வேண்டியத என்கிட்ட கேட்டா நானா உங்களப் பிரதிநிதி ஆக்க முடியும்?" என்பாள் அம்மா.

கூட்டம் தொடங்கியது. கான்ட்ராக்டர் எழுந்து தன் பெயரோடு சேர்த்து மூன்று பெயர்களைப் படித்தார். "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார். அறை முழுக்கக் கைகள். வாசலில் பொருமிய அத்தனை பேரும் தூக்கினார்கள். துணிக்கடை அக்காவும் தூக்கினார். நானும் தூக்கினேன். எல்லோரும் தூக்கும்போது தூக்காமல் இருக்க என்னால் முடியாது.

தூக்கிய பிறகுதான் கவலை வந்தது. நான் வெளிநாட்டுக்காரி, எனக்கு இதில் ஓட்டு உண்டா? தப்பாகத் தூக்கிவிட்டேனா? இப்போது இறக்கினால் எதிர்ப்பு என்று நினைத்துக்கொள்வார்களா? இப்படியே யோசித்துக்கொண்டிருந்ததில் கையை இறக்கவே இல்லை. இதற்குள் அவர், "சம்மதமில்லாதவங்க?" என்று கேட்டுவிட்டு, "வேற கருத்து உள்ளவங்க?" என்றும் கேட்டுவிட்டார். அது வெறும் சம்பிரதாயம். அதற்கு யாரும் கை தூக்கியதே கிடையாது. கை தட்டத் தயாராக இருந்தார்கள் எல்லோரும். அப்போது அந்த அறையில் உயரத்தில் இருந்தது என் கை ஒன்றுதான்.

அத்தனை தலைகளும் திரும்பின. "சொல்லுங்க," என்றார் கான்ட்ராக்டர், ஆச்சரியமாக.

இல்லை, தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். அதைச் சொல்வதற்கும் வெட்கமாக இருந்தது. எழுந்து நின்றேன். "நான் உங்களுக்கு எதிரா இல்ல. மாநாட்டுல சாப்பாட்டு டப்பா பத்தித் தீர்மானம் வருதாம். நம்ம பிரதிநிதிங்க அதுக்கு என்ன சொல்லப் போறாங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதெல்லாம் தனியாப் பேசிக்கலாம், நேரமாச்சு," என்றார் அவர். பின்னாலிருந்து யாரோ, "வெளிநாட்டுக்காரங்க, நம்ம நடைமுறை தெரியாது," என்றார்கள். என் காது சூடாகிவிட்டது.

அப்போதுதான் துணிக்கடை அக்கா எழுந்தார்.

"அவங்களுக்குத் தெரியல, சரி. நமக்குத் தெரியுமா? மூணு வருஷமா நானும் கையத் தூக்குறேன். நம்ம ஆளு அங்க போயி என்ன பேசினாருன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆமா, மூணாவதா ஒரு பேரு படிச்சீங்களே, அவங்க எங்க? கையக் காட்டச் சொல்லுங்க பாப்போம்."

யாரும் கையைக் காட்டவில்லை. வகுப்பாசிரியை தயங்கித் தயங்கி, "அவங்க குழந்தை இந்த வருஷம் நம்ம வகுப்புல இல்லையே," என்றார்.

"எப்படி இருக்கும்? அவங்க குடும்பத்தோட வுங் டாவ் போயிக் கடலோரத்துல குடியிருக்காங்க! நாம எல்லாரும் இப்பதான் ஒருமனதாத் தேர்ந்தெடுத்தோம்!"

அறை குலுங்கச் சிரித்தது. கான்ட்ராக்டரும் சிரித்துவிட்டார். முகம் சிவந்து, போன வருடத்துப் பெயர்களையே படித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "அங்கயும் இதே கதைதாங்க. முடிவு பண்ணித்தான் வச்சிருப்பாங்க. நானும் கை தூக்கிட்டு வர்றவன்தான்."

"அப்ப பேசறதுக்கு விஷயம் இருக்கிற ஆளா ஒருத்தர அனுப்பலாமே," என்றார் அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளின் ஒவ்வாமையைச் சொன்னேன். மூச்சு அடைப்பதற்கு வார்த்தை கிடைக்காமல் கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். ஆனால் மாநாட்டில் போய்ப் பேச எனக்கு மொழி போதாது, தைரியமும் போதாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி எம், அந்த மூணாவது இடத்துல நான் போறேன்," என்றார். எம் என்றால் தங்கச்சி. "எனக்கு அந்த நோயப் பத்தி ஒண்ணும் தெரியாது. கடைக்கு வந்து சொல்லிக் குடு."

இந்த முறை கைகள் உயர்ந்தபோது நான் எதையும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கையத் தூக்குனியா? நீயா? பிரியாணியா சாம்பாரான்னு கேட்டாலே உங்க இஷ்டம்ங்கிற ஆளாச்சே!"

"நான் தூக்கலைங்க. இறக்க மறந்துட்டேன். டீச்சர் மனசுல ஏதாவது வச்சுக்கிட்டு பாப்பாகிட்ட காட்டுவாங்களோ? பேசாம இருந்திருக்கணுமோ?"

"பேசாம இருந்தா டப்பா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கொடுத்த சான்றோடு சோலோனுக்குப் போனேன். துணிக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார் அக்கா. தான்தான் பள்ளி முதல்வர் என்று வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நம்ம ஸ்கூல் சூப்ப மட்டும் விட்டுட்டுச் சாப்பிட்டா என்ன?"

"அதே கரண்டியைப் பொரியலுக்கும் போடுவாங்க அக்கா."

"உங்க வீட்டுச் சாப்பாடு மட்டும் கெடாதா? உன் புள்ளைக்குச் சலுகை குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே?"

பதில் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, டாக்ஸியில் மகள் கிடந்த கிடப்பைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. "இங்க அழுதுடு எம். அங்க நான் அழுதா நேரம் போயிடும்," என்றவர், வாடிக்கையாளர் ஒருவரைக் கையாலேயே விரட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். அவருக்கு நான் யார்? அவர் மகனுக்கு எந்த ஒவ்வாமையும் கிடையாது. கல்லைக் கொடுத்தாலும் தின்பான் என்று அவரே சொல்வார்.

மாநாட்டன்று என்னை உள்ளே விடவில்லை. பள்ளி வாசலில் இருந்த தகரக் கூரையின் கீழ் நின்றேன். சைகோனின் செப்டம்பர் மழை கொட்டியது. உள்ளே கைத்தட்டல் கேட்கும்போதெல்லாம் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று நினைத்தேன். நாளையிலிருந்து அவள் என்ன சாப்பிடுவாள், பள்ளியை மாற்றுவதா, கணவரின் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவதா என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

அக்கா மேல்கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கை தூக்கச் சொல்லிட்டாங்க எம், பேசவே விடல. நான் போயி மைக்கப் புடிச்சேன். துணிக்கடைக்காரி கையில மைக்கக் குடுத்தா திருப்பி வாங்க முடியுமா? நேத்து மதியம் உங்க புள்ளைங்க குடிச்ச சூப்புல என்ன இருந்துச்சு, சொல்லுங்கன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. சமையக்காரரக் கூப்புட்டாங்க. தினமும் எல்லா சூப்புலயும் இறால்பொடி போடுறோம்ங்கிறார் அவர்!"

அதன் பிறகு அக்கா கழுத்தைப் பிடித்துக் காட்டினாராம், நான் காட்டியது போலவே. எங்கள் கான்ட்ராக்டர் எழுந்து, அக்கா சொல்வதுதான் எங்கள் வகுப்பின் கருத்து என்றாராம். வெளிச் சாப்பாட்டுக்குத் தடை வந்தது. ஆனால் டாக்டர் சான்று இருக்கிற பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுடைய டப்பாவை ஆசிரியையே வாங்கிவைத்துத் தனியாகக் கொடுப்பார். ஒவ்வொரு நாள் சமையலிலும் என்ன சேர்கிறது என்று வாசலில் எழுதிப் போடுவார்கள். வேறு வகுப்பில் பால் ஒத்துக்கொள்ளாத ஒரு பையன் இருப்பதும் அன்றுதான் வெளியே வந்ததாம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்பதற்கு அந்த மொழியில் எனக்குத் தெரிந்திருந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருந்தது. "விடு விடு, மழை விடறதுக்குள்ள கடையத் திறக்கணும். மழையில ஒதுங்குறவங்கதான் இன்னைக்கு எனக்கு வியாபாரம்," என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மறுநாள் கேசரி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இனிப்பு ஜாஸ்தி," என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடமும் பெயர்கள் முன்கூட்டியே முடிவாகித்தான் வந்தன. நாங்களும் கை தூக்கினோம். ஆனால் அதற்கு முன், பிரதிநிதிகள் அங்கே போய் என்ன பேச வேண்டும் என்று அரை மணி நேரம் எல்லோரும் பேசினோம். அக்காவின் மகன் இப்போது வேறு பள்ளியில். எப்போதாவது சோலோன் பக்கம் போனால்தான் பார்க்கிறேன். என் மகள் நான்காம் வகுப்பில் நலமாக இருக்கிறாள்.

நான் நுழைய முடியாத அறைக்குள் என் குழந்தைக்காக எழுந்து நின்று பேச ஒருவர் இருந்தார். அதற்குப் பிறகு இந்த ஊரை அந்நிய ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.