மாடிக்குக் கீழே மாவு மில்

மாவு மில் நடத்துகிறவனுக்குக் கரண்ட் இருக்கிறதா, கல் தேய்ந்துவிட்டதா என்கிற இரண்டு கவலை போதும். பழைய வீட்டை வாங்கி அதில் மில் வைத்தவனுக்கு அந்த இரண்டும் ஒரு கவலையே இல்லை. பழைய வீடு வாங்கிவிட்டு, நேற்றைய விரிசல் இன்று நீண்டிருக்கிறதா என்று சுவரைத் தடவிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலைக்காரன். செங்கத்தில் ஒரு மில்லில் கூலிக்கு இருந்துவிட்டு, சொந்தமாக மில் வைக்க எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்தருகே இந்த வீட்டை வாங்கினேன். கீழே விசாலமாக ஒரே கூடம், மேலே கான்கிரீட்டில் ஒரு மாடி அறை. பத்திரத்தில் என்னவோ ‘ஓட்டு வீடு, இரண்டு அறை’ என்றுதான் இருந்தது. எழுதியதைவிட அதிகமாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தி வேலை செய்த லட்சணம் அது. மாடியில் நான், மனைவி செல்வி, மகள் கவிதா மூவரும் குடியேறினோம். கீழே மாவு பிடிப்பதும் எடை போடுவதும் செல்வியின் வேலை.

முதல் போணி

மிஷினைப் போட்டதும் மாடியில் பாத்திரங்கள் கலகலவென்று ஆட ஆரம்பித்தன. கூரையிலிருந்து காரைத் தூள் பொலபொலவென்று கொட்டியது. முதல் போணிக்குக் கேழ்வரகு கொண்டுவந்த பச்சையம்மா மேலே பார்த்தார், தராசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எங் கேவுர மட்டும் எடை போடுணா. உன் வூட்டையும் சேத்துப் போட்டுடாத.”

இல்லாத சுவர்

மில்லில் காத்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? பேச்சுதான். சாமை கொண்டுவந்த கோவிந்தசாமி கூடத்தின் நடுவில் நின்று, தரையை ஒருமுறை காலால் தேய்த்துப் பார்த்தார். “இங்க ஒரு செவுரு இருந்துச்சே” என்றார். கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை இங்கே இருந்ததாம். பெரிய அண்டாக்கள் உள்ளே வரவில்லை என்று நடுச்சுவரையே எடுத்துவிட்டார்களாம். கடப்பாரை பிடித்தவர்களில் அவரும் ஒருவர். ஏதோ கோயில் கைங்கரியம் செய்ததுபோல் சொன்னார்.

மிஷினை நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டேன். சுவரை எடுத்தது மாடி கட்டுவதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் மாடியைத் தாங்கிய சுவரே அதுதான். முன்பு என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொறவுதாங்க. மேல குடி இருந்தவங்க வூடு ஆடுதுன்னு கத்துனாங்க, நாங்க கண்டுக்கல.”

காது வைத்தியம்

அன்றிலிருந்து மிஷின் சத்தத்தில் வேறு சத்தம் கேட்கிறதா என்று கேட்பதே என் தொழிலாகிவிட்டது. மாடியில் கவிதா படித்துக்கொண்டிருப்பாள். கீழே ஏதாவது டக்கென்றால் மிஷினை நிறுத்திவிட்டுப் படியேறி ஓடுவேன். அவள் பேனாவைக் கீழே போட்டிருப்பாள். இறங்கி வந்து மறுபடி போடுவேன். பல்லி கத்தினாலும் நிறுத்தினேன். வரிசையில் இருந்த ஒருவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்.

“அரைக்கிற நேரத்தவுட நிறுத்தற நேரம்தாணா இங்க ஜாஸ்தியா கீது.”

தூண்

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரே ஆறுதல், கூடத்தில் நின்ற தூண். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால்தான் அடங்கும். தலையில் பூவேலைப்பாடு, மேலே பச்சைப் பெயிண்ட். சுவர் போனால் என்ன, தூண் இருக்கிறதே என்று தினமும் அதில் சாய்ந்துதான் டீ குடிப்பேன்.

பெங்களூரில் கொத்தனார் வேலை பார்க்கும் முருகேசன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், மாவு அரைக்க வந்தான். தூணைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவன் கட்டியதாம். வீட்டை விற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கூடம் வெறிச்சென்று இருப்பதால் வாங்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று பழைய ஓனர் கட்டச் சொன்னாராம். நான் ஸ்டூலில் ஏறி, பூவேலைப்பாட்டுக்கு மேலே கையை விட்டேன். தூணுக்கும் கூரைக்கும் நடுவில் என் உள்ளங்கை தாராளமாகப் போய் வந்தது. ஸ்டூலில் நின்றபடியே, “ஏம்பா, மேல முட்டவே இல்லியே?” என்று கேட்டேன்.

“முட்டணும்னு ஓனர் சொல்லலியேணா. பாக்க நல்லா இருக்கணும்னுதான் சொன்னாரு.”

இன்ஜினியர்

மறுநாளே செங்கத்திலிருந்து ஒரு இன்ஜினியரை அழைத்துவந்தேன். தூணுக்கு மேலே ஆப்பு அடித்து இறுக்கிவிட்டால் போதாதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த மனிதர் உள்ளே வந்தார், தூணின் அடியைப் பார்த்தார். அஸ்திவாரம் கிடையாது, சிமெண்ட் தரைமேல் அப்படியே நின்றது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். செல்வி நீட்டிய டீயை வாங்கவில்லை. கவிதா எங்கே தூங்குகிறாள் என்று கேட்டார். மேலே கையைக் காட்டினேன்.

“மொதல்ல எல்லாரும் வெளிய வாங்க. வெளிய நின்னு பேசலாம்.”

மாடி இறங்கியது

மில்லை மூடினோம். வீட்டை ஒட்டாமல் கொல்லையில் இருந்த கொட்டகையில் படுத்தோம். ஊர்க்காரர்கள் மாவுக்கு அடுத்த ஊர் போனார்கள். பழைய ஓனருக்குப் போன் செய்தால், ‘நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது’ என்று வைத்துவிட்டார். தூணும் அப்போதே இருந்ததா என்று நான் கேட்டபோது போனில் ஆளில்லை.

முருகேசன் ஆட்களோடு வந்து, முட்டுக் கொடுத்து, மாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துக் கீழே இறக்கினான். தன் ஜன்னல் போகிறதென்று கவிதா அழுதாள். அழட்டும், அழுவதற்கு முழுசாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். தூண் ஒரே தள்ளில் சாய்ந்தது. கோவிந்தசாமி காட்டிய இடத்தில் நடுச்சுவரை எழுப்பி, மேலே தகரம் போட்டோம். சுவருக்கு ஒரு பக்கம் மில், மறுபக்கம் நாங்கள்.

திரும்ப மிஷின் போட்ட அன்று, வழக்கம்போல் என் காது கூரையில் இருந்தது. மாவு விழும் வாயருகே நின்ற செல்வியும் கையை எடுத்துவிட்டு, கூரைப் பக்கம் காதைத் திருப்பினாள்.

“இன்னிக்குத்தாங்க மாவு அரைக்கிற சத்தம் மட்டும் கேக்குது.”

பழைய வீட்டை விற்கிறவர்கள் பத்திரத்தையும் சாவியையும் மறக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வீட்டை யார் யார் எங்கெங்கே இடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நாமே ஒரு மாவு மில் வைக்க வேண்டியிருக்கிறது.