தலைமாட்டில் இருப்பவர்

இரும்புக் கேட்டின் கொண்டியில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. அன்று காலையில் ஒடித்தது. இலை இன்னும் வாடவில்லை. நீடாமங்கலத்தில் வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, அம்மன் அந்த வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று பொருள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் உள்ளே போவதில்லை. என்னை நிற்க வைத்தது வேப்பிலை அல்ல, அது இருந்த வாசல். அந்த வீட்டில் தனியாகக் குடியிருந்தவர் ஒரு யூதர்.

ரயிலடிக்குப் பின்னால் இருந்த அரிசி ஆலையின் எஞ்சினியர் அவர். கொச்சிக்காரர். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் பல ஆண்டுகளுக்கு முன்பே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் பாய்லரையும் நெல்லின் ஈரப்பதத்தையும் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நான் அப்போது ஒரு நாளிதழின் நிருபர். அதே தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் இரண்டு மெழுகுவத்திகள் எரியும். எஞ்சினியர் சார் சாமி கும்பிடுகிறார் என்று தெரு எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் யாரும் விசாரித்ததில்லை.

வேப்பிலையைச் செருகியவர் எதிர்வீட்டு அக்கா. குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்பவர், ஆலைக்கு நெல் போட்டுப் பழக்கம். கேழ்வரகுக் கூழையும் இளநீரையும் கேட்டுக்கு உள்பக்கம் வைத்து, “சார், வச்சிருக்கேன்” என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். எஞ்சினியருக்காகத் தன் வீட்டில் தாளிப்பதைக்கூட நிறுத்தியிருந்தார். உள்ளே போகாதது தொற்றுக்குப் பயந்து அல்ல. சிறுவயதிலேயே அக்காவுக்கு அம்மை வந்து போயிருந்தது, மூக்கின் மேல் தழும்பு உண்டு. அம்மன் இருக்கும் இடத்தில் மனிதர்கள் நடமாடக் கூடாது என்ற மரியாதைதான். தெரு முழுவதும் அந்த மரியாதையைக் காத்தது.

மூன்றாம் நாள் எஞ்சினியர் போனில் கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது. “பத்திரிகைக்காரரே, இந்தத் தெருவுல யார்கிட்டயாவது நான் தப்பா நடந்துக்கிட்டேனா? ஒருத்தர்கூட உள்ள வரலையே.”

எனக்கும் அம்மை வந்து போனதுதான். போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகமெல்லாம் கொப்புளம், இமைகூட வீங்கியிருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை தண்ணீர்ச் சொம்பின் மூடி மேல் இருந்தது. நாற்காலியை இழுத்தேன். வேண்டாம் என்று கையசைத்துத் தரையைக் காட்டினார். நோயாளியின் தலைமாட்டில் கடவுள் இருக்கிறார் என்பது யூதர்களின் நம்பிக்கை என்றார். அதனால் பார்க்க வருபவர் அந்தத் தலைக்கு மேலே உயர்ந்து உட்காரக் கூடாது. ஆனால் வராமலும் இருக்கக் கூடாது. வரும் ஒவ்வொருவரும் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். எந்த ஜென்மத்துப் பாவமோ என்று வாசலில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது.

“நோய் பாவத்தால வருதா இல்லையான்னு எங்க பெரியவங்க ரெண்டு விதமாவும் பேசியிருக்காங்க” என்றார். “ஆனா படுத்திருக்கறவன்கிட்ட அதைச் சொல்லாதேங்கறதுல மட்டும் கண்டிப்பா இருந்திருக்காங்க.”

திரும்பும்போது அக்காவிடம் தலைமாட்டுக் கடவுளையும் அறுபதில் ஒரு பங்கையும் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“தலைமாட்டுல சாமி இருக்குன்னு அவரே சொல்றாரா? நான் சொன்னதும் அதானே தம்பி! அதுக்குத்தான வெளிய நிக்கிறோம்.”

“அவங்க வழக்கத்துல, சாமி இருக்கறதாலதான் உள்ள போகணும் அக்கா. தனியாக் கெடக்கறார்.”

அக்காவால் தன் அம்மனையும் விட முடியாது, இந்த மனிதரையும் விட முடியாது. அந்தச் சங்கடத்தை நான் செய்தியாக எழுதியிருந்தால் இரண்டு தரப்பு வாதம் என்று முடித்திருப்பேன். அக்கா அப்படி முடிக்கவில்லை. மாலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். கேட்டைத் திறந்தார். வாசற்படி ஏறாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தார்.

“சார், நான்தான். உள்ள வரலை. ஆனா உங்க தலைக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். செல்லுமா?”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பார்த்திருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். “அறுபதுல ஒண்ணு முழுசாக் கிடைக்காதும்மா. பாதி போட்டுக்கலாம்.”

“ஆலையிலயும் இப்படித்தான், ஈரம் ஈரம்னு என் நெல்லுல கழிப்பீங்க” என்றார் அக்கா. உள்ளிருந்து சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. தண்ணீர் ஊற்றும் வரை அக்கா மாலைதோறும் வந்து உட்கார்ந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஏறாதது, மருமகளின் கோபம் என்று ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். நான் உள்ளே தரையில். அவர் வெளியே மண்ணில்.

எஞ்சினியர் பிழைத்தார். ஓய்வு பெற்றதும் கொச்சிக்கே போனார். அங்கே யூதர்களின் கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள்கூடத் தேறவில்லை என்று ஒருமுறை போனில் சொன்னார். போன மழைக்காலத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. சொன்னவர் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய், எத்தனை மணிக்கு, யார் உடலை வாங்கினார்கள் என்று தொழில் பழக்கத்தில் எல்லாம் கேட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரையும் விடவில்லையாம்; தனியாகத்தான் போனாராம். நான் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். போனில் சொல்ல மனமில்லாமல் பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன். களத்தில் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தவர் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

“அந்த ரூமுக்கு ஜன்னல் இருந்துச்சா தம்பி?”

அதை நான் கேட்டிருக்கவில்லை.