பேர் இல்லாத பாதி அட்டை

நான் சமைக்கிற வீட்டு நாய்க்கு டாக்டர் வீடு தேடி வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊசி போடுகிறார். பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்தும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. நான் குடியிருக்கிற ஈஜிபுராவில் எங்கள் அரசு ஆஸ்பத்திரி திறக்கும்போது நான் அந்த வீட்டு அடுப்படியில் இருப்பேன், திரும்பும்போது பூட்டியிருக்கும். லீவு கேட்டால் வீட்டுக்கார அம்மாவின் முகம் சுருங்கும்.

நாய் மேல்கூட எனக்குப் பொறாமை இல்லை. என் தங்கச்சி வள்ளி மேல்தான். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலேயே நின்றுவிட்டாளே என்று அவளை நினைத்துப் பாவப்பட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் போயிருந்தபோது, மாதாமாதம் வீடு தேடி வருகிற நர்ஸ் பெண் உள்ளே வந்தாள். "வள்ளிம்மா, கையை நீட்டு. ஊறுகாயை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே பிரஷர் பார்த்தாள். மாதத்துக்கு ஆகிற பெரிய மாத்திரை அட்டையைக் கையில் வைத்தாள். நானும் கையை நீட்டினேன்.

"உங்களுக்கும் அதிகமா இருக்கு பாட்டி. உங்க ஊர்ல டாக்டரைப் பாருங்க."

"இதுதாம்மா என் ஊரு."

"உங்க பேரு இங்க இல்லையே."

தங்கச்சி வள்ளிம்மா, நான் பாட்டி. அவள் போனதும் வள்ளி சிரித்தாள். "பெரிய ஆஸ்பத்திரி ஊருக்காரி நீ. எங்க மாத்திரை உனக்கு எறங்குமாக்கா? எனக்குப் போன மாச மிச்சம் கெடக்கு, இந்தா" என்று அட்டையைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பெங்களூர் திரும்பிய பிறகு அது தீர்ந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அடுப்பு முன்னால் தலை சுற்றிச் சுவரைப் பிடித்த பிறகுதான் லீவு போட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.

"மாத்ரெ ஹெசரு ஏனம்மா?" என்றார் டாக்டரம்மா.

மாத்திரையின் பேர் எனக்கு எங்கே தெரியும்? காலி அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் அச்சடித்த பாதி வள்ளியிடம் நின்றுவிட்டது. ஊருக்கு போன் போட்டுக் கேட்கச் சொன்னார். அவளிடம் கேட்பதைவிட எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. தலை மறுபடி சுற்றியது. கூப்பிட்டேன்.

"இரு அக்கா, நர்ஸம்மா இங்கதான் உக்காந்திருக்கு, அதுகிட்டயே கேளு. நீ டீயைக் குடிம்மா, ஆறிடும்." டீ நர்ஸ் பெண்ணுக்கு.

போனை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவரும் அந்தப் பெண்ணும் என் ரத்தத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சீட்டில் என் பேர் இந்த ஊரில் ஏறியது. மாத்திரையின் பேர் அந்த ஊரிலிருந்து வந்தது.

காலி அட்டையைத் தூக்கிப் போட மனசில்லை, வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்ட ஓரம் கோணலாக இருக்கிறது. அதோடு பொருந்துகிற பாதியை வள்ளி எப்போதோ குப்பையில் போட்டிருப்பாள். அவளுக்குத்தான் மாதாமாதம் புதுசு வருகிறதே.