ஆராயியின் ஆடாத தலை

முப்பது வயதுக்குள் ஆராயியின் கழுத்துக்கு மட்டும் மூப்பு வந்துவிட்டது. புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் போகும் ரோட்டுக்குக் கூடை கூடையாகச் சல்லிக்கல் சுமந்த கழுத்து அது. அந்த ரோட்டில் பஸ்ஸில் குலுங்காமல் போனவர்கள் யாரும் அந்தக் கழுத்தை நினைத்ததில்லை. பின்னால் வண்டி வந்தால் அவளால் தலையைத் திருப்ப முடியாது; உடம்போடுதான் திரும்புவாள். கூடையைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லிக் கேட்டபோது மேஸ்திரி சரவணமுத்து, “ரோடு சின்னதாகட்டும், கூடையும் சின்னதாகும்” என்றார்.

பச்சிலைப் பற்றுப் போட்டாள். தாயத்துக் கட்டினாள், வலிக்கிற கழுத்துக்கு அது இன்னொரு சுமை. சுளுக்கு எடுக்கிறவன் ஒருவன் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பியதில் வலக்கை மரத்துப்போய், மாசக்கணக்கில் இடக்கையால் சோறு தின்றாள். கடைசியில், இராசிபுரம் சந்தைக்குப் போன இடத்தில், அங்கே வாரம் ஒருமுறை வந்துபோன மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸிடம் கழுத்தைக் காட்டினாள்.

நர்ஸ் மருந்து தரவில்லை. தலையை இடமும் வலமும் மெள்ளத் திருப்பச் சொன்னாள். மோவாயைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னாள். பிறகு ஆராயியின் உள்ளங்கையை அவள் நெற்றியிலேயே வைத்து, “கை தள்ளட்டும், தலை எடம் குடுக்கக் கூடாது. பக்கவாட்டிலும் பின்னாலயும் இதே மாதிரி. தெனமும் செய்யணும். இனி யாரையும் தலையைப் பிடிச்சு இழுக்க விடாதே. இன்னொரு தடவை அப்படி ஆனா கையே விளங்காமப் போயிடும்” என்றாள்.

ஆராயி நம்பவில்லை. வேலை செய்து நொந்த கழுத்துக்கு மறுபடி வேலையா என்று கேட்டும் பார்த்தாள். நல்ல மருந்தெல்லாம் உள்ளே இருக்கும், கூலிக்காரிக்கு எதற்கு என்று கைவேலை சொல்லி அனுப்புகிறார்கள் என்று நினைத்தாள். அவளை ஏய்க்காத இடம் என்று ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் செய்தாள். கூச்சத்தால், விடியுமுன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று செய்தாள். மாசங்கள் போயின. ஒருநாள் பின்னால் வந்த வண்டியைத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டாள். அப்போதும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. வலி எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

அதற்குள் அவளைப் பற்றிய சந்தேகம் வீட்டுக்குள் வளர்ந்துவிட்டது. மாமியார் கந்தம்மாள் கொட்டகைச் சந்தில் பார்த்ததை மகன் மாதையனிடம் சொன்னாள்.

“சாமி, உம் பொண்டாட்டி செவுத்தப் பாத்துத் தலைய உருட்டறா. ஆரோ தலையப் புடிச்சுத் தள்றாப்பல நிக்கறா.”

மாதையன் மனைவியைக் கேட்டான். “என்னடி பண்றே அங்க?”

“கழுத்துக்கு வேலைங்க.”

“கல்லுச் சொமக்கற வேலை பத்தலையா?”

“நானும் நர்ஸம்மாகிட்ட அதையேதானுங்க கேட்டேன்.”

அவன் சிரிக்கவில்லை. பேயோட்டும் கோடாங்கி பெரியசாமிக்கு ஆள் போயிற்று. அவனுடைய வைத்தியம் ஊருக்கே தெரியும். உடுக்கை அடித்துப் பெண்ணின் தலையைச் சுழல வைப்பான்; சுழலாவிட்டால் மயிரைப் பிடித்துச் சுழற்றுவான்; கடைசியில் ஒரு கொத்து மயிரைப் புளியமரத்தில் ஆணியடிப்பான். கூடையைக் குறைக்காத மேஸ்திரி, பேயோட்ட என்றதும் அரைநாள் விடுப்புக் கொடுத்தார்.

“மயிரப் புடிச்சு இழுத்தா எங் கை வெளங்காமப் போயிருமுங்க” என்று ஆராயி புருஷனிடம் மன்றாடினாள்.

“பேசறது நீயா, அதா?” என்றான் மாதையன். பேயைவிட, அதைச் சொன்ன புருஷனின் பயந்த கண்தான் அவளைக் கலக்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புளியமரத்தடியில் ஊர் கூடியது. உடுக்கை அதிர்ந்தது. ஆராயி கண்ணை மூடாமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

“பேரச் சொல்லு” என்றான் கோடாங்கி.

“ஆராயிங்க.”

“அழுத்தமான பேயி” என்று மயிரைச் சுருட்டிப் பிடித்து முன்னால் இழுத்தான். அவள் உள்ளங்கையை நெற்றிக்குக் கொடுத்து, மோவாயைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டாள். தலை இடம் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் இழுத்தான். உள்ளங்கை கன்னத்துக்கு வந்தது. தலை அங்கேயே இருந்தது. உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தான். வழுக்கி உட்கார்ந்தது அவன்தான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆராயி விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். மரக்கவில்லை. நர்ஸம்மாவை அவள் முழுதாக நம்பியது அந்த நிமிஷம்தான்.

கோடாங்கி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “ஓடிருச்சு. எங் கை பட்டதுமே ஓடிருச்சு. சேவலக் கொண்டாங்க.”

“ஓடிப்போனதுக்கு எதுக்குங்க சேவலு?” என்று ஆராயி, காவுக்குக் கட்டிவைத்திருந்த தன் வீட்டுச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாதையன் கொஞ்சம் தள்ளியே பின்னால் வந்தான். அவள் தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள்.

மறுநாள் முதல் அவள் வாசலில் நின்றே செய்தாள். கந்தம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. மருமகள் பாதம் தரையில் படுகிறதா என்று போகும்போதும் வரும்போதும் குனிந்து குனிந்து பார்த்தாள். அப்படிப் பார்த்ததில் ஒருநாள் அவளுக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. பிடிப்பு விடவேயில்லை. ஒரு விடிகாலையில் கொட்டகைக்குப் பின்னால் மோவாயைப் பின்னுக்கு இழுத்தபடி நின்றவளை ஆராயி பார்த்துவிட்டாள்.

“வாசலுக்கு வாங்க அத்தை” என்றாள். “செவுத்தப் பாத்துச் செஞ்சாப் பேயின்னு சொல்லுவாங்க.”