பக்கத்து அறைக்குத் திருப்பிவிட்ட மழை

பக்கத்து அறை ஒழுகியதற்கு நான்தான் காரணம். தெரியாமல் செய்ததல்ல. கூரைமேல் குந்தியிருந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நன்றாகப் பார்த்து, விசிலடித்துக்கொண்டே செய்தேன்.

அறுபதுகளின் கடைசியில் நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டர். குவாட்டர்ஸ் காலியாகும்வரை, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கோடி அறையைத் தந்திருந்தார்கள். கல்யாணமான புதிது. அந்த நாட்களில் என் கால் தரையில் பாவியதாகவே நினைவில்லை. மழைகூட எங்களுக்காகத்தான் பெய்கிறது என்று நினைத்திருந்தேன், அது கட்டில்மேல் விழும்வரை.

கட்டிலைச் சுவரோரம் இழுத்தோம். அங்கும் சொட்டியது. குறுக்கே போட்டோம். அங்கும் வந்தது. மனைவி சிரித்துச் சிரித்துக் களைத்துப்போய், "என்னங்க, இது கட்டிலத் தேடித்தான் வருது. பேசாம அத கட்டில்ல படுக்க விட்டுட்டு நம்ம தரையில படுத்துக்குவோம்" என்றாள்.

கூரை தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்வார். துரை தலையாட்டுவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். நாமாகக் கைவைப்பதோ குற்றம். ஆகவே துரையின் ஜீப் பதுளைக்கு இறங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் எல்லாரும் கூரைமேல்தான் இருப்பார்கள். பெண்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து யோசனை சொல்வார்கள். ஒரு திருவிழாக் களை இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு நானும் ஏறினேன். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஓடி, மரச்சட்டத்தில் முட்டிய இடத்தில்தான் சொட்டும். அதனால் ஒருவர் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்த் தண்ணீர் ஊற்ற, மற்றவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். நான் ஊற்றினேன். உள்ளேயிருந்து, "இல்ல... இல்ல... இன்னும் மேல... போதும், என் தலையிலதான்" என்று மனைவியின் குரல் வந்தது. ஓட்டை அகப்பட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்றிருந்தது.

சரியான வழி எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்து, அதன் மேல் விளிம்பை மேல்வரிசைத் தகரத்துக்கு அடியில் செருகி, சுற்றிலும் தார் பூசி ஆணி அடிக்க வேண்டும். அதற்கு மேல்வரிசை ஆணிகளை முதலில் பிடுங்க வேண்டும். அரை நாள் வேலை. கீழே இருந்தவளை விட்டுவிட்டு அரை நாள் கூரைமேல் இருக்க எனக்கு மனமில்லை. ரோட்டோரத்தில் பொறுக்கி வைத்திருந்த தார்க்கட்டியை உருக்கி, சாக்கில் தோய்த்து, ஓட்டைக்கு மேலே சாய்வாக ஒரு வரப்புக் கட்டினேன். மேலிருந்து வரும் தண்ணீர் வரப்பில் முட்டித் திரும்பி, பக்கத்து அறைத் தகரத்துக்குப் போகும். அங்கே இரண்டு தகரங்கள் சேரும் இடம் லேசாக வாய் திறந்திருந்தது. அதையும் பார்த்தேன். 'நல்லது, அவர்களுக்குத் தண்ணீர் தூக்கும் வேலை மிச்சம்' என்று எனக்கே ஒரு பகிடி சொல்லிக்கொண்டு இறங்கினேன். தகரம் காற்றில் பறக்காமலிருக்க லயத்துக் கூரையெங்கும் கல்லும் சாக்கும் கிடக்கும். என் வரப்பும் அவற்றோடு இன்னொரு சாக்காகத்தான் தெரிந்தது.

அடுத்த மழையில் எங்கள் கட்டில் நனையவில்லை. பக்கத்து அறையில் சட்டிகளும் வாளிகளும் ஒலித்தன.

அந்த அறையில் இருந்தவர் தேயிலை ஸ்டோரில், கொழுந்தை அரைக்கும் ஆலையில், வேலை செய்தவர். மனைவியும் ஒரே மகளும். மகளைப் பெண் பார்க்கக் கொஸ்லந்தையிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். மாப்பிள்ளையை அவள் ஒரு தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். இந்த இடமே அமைந்துவிட வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிவந்தவள். அவள் அப்பா என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், ஒங்க வீட்டுல நின்னுருச்சாமே. எங்களுக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம ஆளுங்க வர்றாங்க. என்ன செய்யலாம், சொல்லுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பாடம் நடத்தினேன்.

"ஆணிய தகரத்தோட மேட்டுல அடிங்கண்ணே, பள்ளத்துல அடிச்சா ஆணி வழியாவே தண்ணி எறங்கும். ஆணித் தலைக்கு அடியில பழைய ரப்பர் செருப்ப வட்டமா வெட்டிப் போடுங்க. ஈரத்துல தார் பூசாதீங்க, ஒட்டாது. ஆணி வரிச மேலயே கால வச்சு நடங்க, அங்கதான் அடியில மரம் இருக்கு."

ஒவ்வொன்றும் சரியான யோசனை. இன்றும் யாரும் நம்பிச் செய்யலாம். என் வரப்பு இருக்கும்வரை இவை எதனாலும் பயனில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவரிடம் பழைய செருப்பு இல்லை. போட்டிருந்ததையே வெட்டி, இருட்டும் நேரம் துரைக்குத் தெரியாமல் ஏறி அடித்துவிட்டார். நன்றியாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். அதையும் தின்றேன்.

ஞாயிறு காலை நல்ல வெயில். கொஸ்லந்தைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சபைக்கு மரியாதையாக ஒரு மாஸ்டர் இருக்கட்டும் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். பலகாரத் தட்டு வந்தபோது மழையும் வந்தது. முதல் சொட்டு மாப்பிள்ளையின் அப்பாவுடைய வழுக்கையில் விழுந்தது.

"ஐயா, இப்படித் தள்ளி ஒக்காருங்க, காத்து வரும்" என்றார் பெண்ணின் அப்பா.

அடுத்தது மாப்பிள்ளையின் அத்தையுடைய தட்டில் விழுந்தது. "நீங்க இந்தப் பக்கம் வாங்கம்மா, வெளிச்சமா இருக்கும்."

காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக நகர்ந்து நகர்ந்து, வந்தவர்கள் எல்லாரும் வாசற்படி அருகே ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு அடி நகந்தா ரோட்டுக்கே போயிருவோம்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். தன் குடையை எடுத்து, வீட்டுக்குள்ளேயே விரித்து, அதற்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகத் தேநீரைக் குடித்தார். தட்டோடு வந்த பெண் அதைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். பயனில்லை, சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையும் சிரித்தார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கும் மாணவனின் பார்வை. என் சிரிப்பு நின்றது.

புறப்படும்போது அத்தை சொன்னாள்: "ஒழுகுற வீட்ட ஒழுகுதுன்னு சொன்னா என்னவாம்? காத்து, வெளிச்சமாம். இன்னும் என்னென்ன மறைச்சிருக்காங்களோ."

சொல்லியனுப்புவதாகப் போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "மேல ஏறி என்னமோ கட்டினீங்களே, என்ன அது?" சொன்னேன். கல்யாணமானதிலிருந்து முதல்தடவையாக அவள் சிரிக்கவில்லை. "ஏறுங்க" என்றாள்.

ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வரப்பைப் பிய்த்தெறிந்தேன். அரை நாள் செலவழித்து ஓட்டைக்குத் தகரம் செருகினேன். பக்கத்து அறையின் வாய்திறந்த இடத்தையும் அடைத்தேன். பிறகு அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"கூர கெடக்கட்டும் மாஸ்டர். நான் வந்து கேட்டப்ப, செருப்ப வெட்டச் சொன்னீங்களே."

அடுத்த பஸ்ஸில் ஏறி, மாறி மாறிக் கொஸ்லந்தைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"பேச்சப் பாத்தா படிச்ச மனுசனாட்டம் இருக்கு" என்றாள் அத்தை.

"அது கெடக்கு" என்றார் அவர். "நம்ம கூரையும் ஒரு மூலையில ஒழுகுது. மாஸ்டர் ஏறுவாரா?"

பஸ்ஸுக்கு உடுத்திய வெள்ளை வேட்டியோடு ஏறினேன். அந்த லயமே முற்றத்தில் கூடிவிட்டது. "பக்கத்து ஊட்டுக்குத் திருப்பிராதீங்க, அங்க இருக்கறது என் தங்கச்சி" என்று அத்தை கீழிருந்து கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆணி எடுத்துக் கொடுக்க ஏணியில் ஏறிவந்த மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"அங்க... அவங்க எப்படி இருக்காங்க?"

"சரியா சாப்புடுறதில்லையாம்."

"நானும்தான்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

அந்த மாதமே சம்மதம் வந்தது. பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டோடு அறை அறையாக அழைக்கப் போனார். எங்கள் வாசலில் தட்டை என் மனைவி பக்கம் மட்டும் நீட்டினார். "இவருக்குண்ணே?" என்றாள் அவள். "ஊட்டுக்கு வச்சாச்சு தங்கச்சி" என்று அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணும் மாப்பிள்ளையும் என்னைக் கண்டபோதெல்லாம் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா பந்தியில் எனக்குக் குறைவைக்கவில்லை. ஆனால் நாங்கள் குவாட்டர்ஸுக்குப் போகும்வரை என்னிடம் அவர் எந்த யோசனையும் கேட்டதில்லை. மறுவருஷ மழைக்கு முன் அவர் கூரைமேல் இருந்தார். எதிர் லயத்துக்காரர் ஒருவர் கீழே நின்று, சாந்தைக் குழைத்து அப்பினால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகரத்தில் சாந்து நிற்காது. வெயிலுக்குத் தகரம் விரியும், சாந்து வெடித்துவிடும். "அண்ணே" என்று வாயெடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.