மூட வேண்டாம் என்று சொன்ன பக்கம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன வட்டம் என்னைக் காலையிலிருந்து பின்னேரம் வரை ஆட்டி வைத்தது. உள்ளங்கை அளவு போனில் ஒரு வட்டம். சுற்றுகிறது... சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது.

என்னை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — அவசரம் எனக்குப் பழக்கமில்லை. பஸ் பிந்தினாலும் நிழல் பார்த்து நிற்கிற ஆள் நான். ஆனால் அன்று இருக்கவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை.

காரணம், என் வீட்டுக்காரர் இவருடைய இன்சுலின். காலை ஊசியோடு குப்பி முடிந்துவிட்டது. பின்னேர ஊசிக்கு மருந்து இல்லை. வழக்கமாக வாங்கும் பாமசிக்குப் போன் எடுத்தால், "ஸ்டொக் இல்லை அம்மா. எங்கட மற்றக் கடையில இருக்கு. ஆப்பில போடுங்கோ, மூண்டு மணிக்கு முன்னம் வீட்டுக்கே வரும்" என்றார்கள்.

ஆப்பா? அது எனக்குத் தெரிந்த ஆப்தான்!

அதைச் செய்த கொம்பனியிலிருந்து மதுரா என்ற பிள்ளை கொஞ்சக் காலத்துக்கு முன் அன்புவழிபுரத்தில் எங்கள் வீடு தேடி வந்திருந்தாள். புரொடக்ட் மனேஜராம். அதாவது, அந்த ஆப்பில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள். வயதானவர்கள் அதை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்க்கக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். சும்மா விட முடியுமா? கதிரையைத் துடைத்து, தேத்தண்ணி ஊற்றி, பயத்தம் பணியாரம் வைத்து... ஒரே அமர்க்களம்.

"நீங்களே செய்து பாருங்கோ அம்மா" என்று போனைத் தந்தாள். செய்தேன். என் விரல் எங்கே தயங்கியதோ, அங்கே அவளுடைய விரல் ஓடி வந்தது. வீட்டு நம்பர் கேட்கும் பெட்டியில் நான் நின்றே விட்டேன். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு நம்பர் இருக்கிறது? வாசலில் நீலப் படலை போட்ட வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும்.

"பரவாயில்லை அம்மா, இப்ப சும்மா ஒண்டாம் நம்பர் எண்டு போடுவம்" என்று அவளே போட்டுவிட்டாள். முடிவில் கேட்டாள்: "எப்பிடி அம்மா இருக்கு?"

என்ன சொல்வது? வீடு தேடி வந்த பிள்ளை. வாயில் பணியாரத்தோடு இருக்கிறாள். விருந்தாளி கொண்டுவந்த வாழைப்பழம் புளித்துக் கிடந்தாலும் "நல்ல பழம்" என்று சொல்லித்தானே எங்களுக்குப் பழக்கம்? "நல்லா இருக்கு பிள்ளை" என்றேன். மலர்ந்த முகத்தோடு கொழும்புக்குப் போனாள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இந்த முறை பக்கத்தில் மதுரா இல்லை. வீட்டு நம்பர் பெட்டியில் "நீலப் படலை" என்று எழுத்துக் கூட்டிப் போட்டேன். பெட்டி சிவந்தது. ஏன் சிவந்தது? ஒரு சொல் இல்லை. கடைசியில் மதுரா செய்ததைப் போலவே ஒன்று என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது! பெருமையோடு இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்த வட்டம் வந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: அனுப்பப்படுகிறது, இந்தப் பக்கத்தை மூட வேண்டாம்.

மூடுவேனா? வேகமாக வாசிக்கிறவர்கள்தான் பாதியை விட்டுவிட்டுப் போவார்கள். நான் எழுத்தெழுத்தாக வாசிக்கிறவள். அவ்வளவு பாடுபட்டு வாசித்ததை மீற மனம் வருமா? போனைச் சார்ஜரில் போட்டேன். வெளிச்சம் அணையாமல் இடைக்கிடை தடவிக் கொடுத்தேன். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனேன், திரும்பி வந்தேன். படலைக்குப் போனேன், திரும்பி வந்தேன். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால்கூட மோட்டார் சைக்கிளோ என்று எட்டிப் பார்த்தேன்.

"என்னப்பா, உம்மட 'நல்லா இருக்கு' இன்னும் வரேல்லையோ?" — கதிரையில் சாய்ந்தபடி இவர்.

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. சுத்துது."

"எனக்கும்தான் சுத்துது."

மூன்று மணி தாண்டியது. அவர் பகிடியை நிறுத்திவிட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

இதற்குள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வேறு. எடுத்தால் பக்கம் மூடிப்போகுமே! கட் பண்ணினேன். மறுபடியும் வந்தது. கட். மறுபடியும்... நேரம் காலம் தெரியாமல் யார் இது?

பொறுக்க ஏலாமல் சார்ஜரிலிருந்து போனைக் கழற்றினேன். கற்பூரத் தட்டைக் காற்றில் அணையாமல் கொண்டுபோவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒழுங்கை தெருவில் சேரும் முகப்புக்கு நடந்தேன். அந்த மூலையில்தான் நம்பர் ஒட்டிய ஒரே வீடு இருக்கிறது. ஒன்றாம் நம்பர். பல காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் முன்னால் நரைத்த தாடியோடு ஒருவர், மோட்டார் சைக்கிளில் குளிர்ப்பெட்டி கட்டியபடி நின்றார். பக்கத்து ஊர், கிண்ணியாக்காரர்.

"நீங்களோ அம்மா இன்சுலினுக்குப் போட்டது? எத்தினை தரம் எடுக்கிறன்! கட் பண்ணிக் கட் பண்ணி விடுறீங்கள்!"

"பக்கத்தை மூட வேண்டாம் எண்டு போட்டிருக்கே!"

அவர் என் போனை எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ்... மருந்து ஒழுங்கை வாசலுக்கு வந்து எவ்வளவு நேரம்! இது இன்னும் அனுப்பிக்கொண்டு இருக்குதோ? திருப்பிக் கொண்டுபோகத்தான் வெளிக்கிட்டனான் அம்மா."

இன்னும் கொஞ்சம் படலையிலேயே நின்றிருந்தால்?

இவருக்கு ஊசி போட்டு, சாப்பாடு கொடுத்த பிறகு, இவருடைய பழைய பட்டன் போனைத் தேடிப் பிடித்து, மதுரா அன்று தந்துவிட்டுப் போன நம்பருக்கு எடுத்தேன். "பிள்ளை, அண்டைக்கு நல்லா இருக்கு எண்டனான். நல்லா இல்லை." நடந்ததெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: "அண்டைக்கு நான் விரலை வச்சிருக்கக் கூடாது அம்மா."

அதுதான் விஷயம். நான் அவளுக்கு மரியாதை செய்தேன். அவள் எனக்கு உதவி செய்தாள். இரண்டுக்கும் நடுவில் பிழை சொகுசாகக் குந்தியிருந்திருக்கிறது.

ஆகவே புரொடக்ட் மனேஜர் பிள்ளைகளே, எங்கள் வீடுகளுக்குக் கட்டாயம் வாருங்கள். ஆனால் "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள் — உண்மை வராது. ஒரு வேலையைத் தந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நாங்கள் தடுமாறுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை. பெட்டி சிவந்தால் ஏன் என்று சொல்லுங்கள். பொருள் புறப்பட்டால் புறப்பட்டது என்று சொல்லுங்கள். வட்டத்தை மட்டும் காட்டிவிட்டுப் போனால் மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு ஆறுவது? தேத்தண்ணியும் பணியாரமும் எல்லாம் முடிந்த பிறகுதான். வாய் இனித்தால் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை.

மதுரா மறுபடி வருகிறேன் என்றாள். போனை வைக்கப் போனவளை மறித்தேன். மேசையில் என் போன், சார்ஜரில், இன்னும் வெளிச்சமாக...

"பிள்ளை, இப்ப அந்தப் பக்கத்தை மூடலாமோ?"